கத்தரி வித்துக்குள்ளே ஒரு கள்ளக் கூட்டம்

செருப்பை வாசலில் கழற்றுங்க. கைப்பையும் வெளியிலேயே இருக்கட்டும். உள்ளே வந்த பிறகு ஊதக்கூடாது, தும்மக்கூடாது, வேர்க்குது என்று சொல்லி ஃபேன் சுவிச்சுப் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது. மரக்கறி வித்தில் ஒட்டிக்கொண்டு வருகிற பூஞ்சணங்களைப் பிடித்து, பெயர் சொல்லி அடையாளம் கண்டு, பிறகு இன்னொரு பூஞ்சணத்தை ஏவிவிட்டு அவற்றை அடக்கப் பார்க்கிற ஓர் ஆய்வுகூடத்துக்குள் புகுந்துவிட்டேன்! மட்டக்களப்புக் கல்லடியில் மரக்கறிக் கடை முன்னால் நின்று கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஆள் நான். அந்தக் கத்தரியின் வித்துக்கு உள்ளே நடக்கிற கூத்தைப் பார்க்கக் கூப்பிட்டால் விடுவேனா? உங்களையும் சேர்த்தே கூட்டிப் போகிறேன், வாங்க.

எந்த ஆய்வுகூடம் என்று மட்டும் கேட்காதீங்க. கல்லடிப் பாலத்தைத் தாண்டி பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தூரம், அவ்வளவுதான். "மேசையத் துடைச்சிப்போட்டு நாங்களே கூப்பிடுறம், அப்ப பேரப் போடுங்க" என்று அங்கிருந்த ஆராய்ச்சி மாணவி கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த மேசை துடைபடும் நாள் பஞ்சாங்கத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

மேசையைப் பார்த்தால் உங்களுக்கும் விளங்கும். ஹோர்லிக்ஸ் போத்தல், நெஸ்டமோல்ட் ரின், கழுவிக் காயவைத்த யோகட் கோப்பை, ஜாம் போத்தல். எல்லாவற்றுக்குள்ளும் வித்து. மேலே பிளாஸ்ரர் ஒட்டி, மார்க்கரால் ஊரும் பயிரும் எழுதியிருக்கிறது: களுதாவளை மிளகாய், ஆரையம்பதிக் கத்தரி, செட்டிபாளையம் வெண்டி, குருக்கள்மடம் பாகல், கல்லடிப் பயற்றை. ஒரு பொதி பத்திரிகைத் தாளில் சுற்றி வந்திருக்கிறது, அந்த வார ராசிபலன் வெளியே தெரிகிற மாதிரி. இன்னொன்றின் உள்ளே ஒரு துண்டுக் கடதாசி: "இது எங்கட அம்மம்மா காலத்து வித்து. பிழை பிடிக்காதீங்க."

எழுவான்கரை மணலைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர்ப் பட்டியல் புதிதாக இராது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் அந்த மணல் துண்டில், கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து மிளகாயும் கத்தரியும் வெங்காயமும் வெற்றிலையும் வளர்க்கிறார்கள். வித்தைப் பலர் கடையில் வாங்குகிறார்கள். இன்னும் பலர் நல்ல காயாகப் பார்த்துக் கொடியிலே முற்றவிட்டு, தாங்களே எடுத்து வைக்கிறார்கள். இரண்டு வகையும் இந்த மேசைக்கு வந்துவிட்டது. கடைப் பைக்கற்றின் படம் பளபளக்கிறது. அம்மம்மா வித்து சாம்பல் பூசிக் கிடக்கிறது. உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பளபளப்பும் சாட்சி இல்லை, சாம்பலும் சாட்சி இல்லை.

"வடிவா இரிக்கிற வித்துத்தான் பெரிய கள்ளன், மனே" என்றார் ஆய்வுகூட உதவியாளர் ஐயா. தலை நரைத்தவர். இங்கே வந்து போன மாணவர்களில் பாதிப் பேருக்குக் கிண்ணம் பிடிக்கப் பழக்கியவர். அவர் கையில் இருந்த கத்தரி வித்துகளை நான் உற்று உற்றுப் பார்த்தேன். தட்டையாக, தங்க நிறமாக, ஒரு மறுவில்லாமல் இருந்தன. கள்ளனைக் காணோம்.

கள்ளனை வெளியே வரவைக்கிற தந்திரம் கேட்டால் சிரிப்பீர்கள். ஈரம் கொடுத்து, மூடி வைத்து, காத்திருப்பது. அவ்வளவேதான்! கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று வட்ட வடிதாளை அடுக்கி, கிருமி நீக்கிய தண்ணீரில் நனைத்து, அதன் மேல் வித்துகளைப் பரப்புகிறார்கள். ஏழு நாள் கழித்து, எட்டாம் நாள் நுணுக்குக்காட்டியின் கீழே வைத்துப் பார்க்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த லூசி டோயர் என்ற பெண் 1938இல் வித்து நோய்களை இனங்காணும் கைநூல் ஒன்றை எழுதிய காலத்திலிருந்தே இந்த ஈரத்தாள் வித்தை நடக்கிறது. பிறகு 1967இல் போல் நேர்கோர் என்ற டென்மார்க் அறிஞர், வளர்முக நாடுகளுக்கென்றே கோபன்ஹேகனில் வித்து நோயியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் இருந்து ஆட்கள் அங்கே போய்ப் பழகி வந்தார்கள். மேசையில் கிடந்த கொப்பியில் இந்த இரண்டு பெயரும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தன. பக்கத்தில் யாரோ ஒரு பூவும் வரைந்திருக்கிறார்கள்.

காத்திருப்பது சுகம். எண்ணுவதுதான் வதை. ஒரு மாதிரிக்கு 400 வித்து பார்க்க வேண்டும் என்பது, 1924இல் தொடங்கிய சர்வதேச வித்துப் பரிசோதனைச் சங்கத்தின் வழக்கம். பாகல், பூசணி, பயற்றை என்றால் கிண்ணத்துக்குப் பத்து, ஆக 40 கிண்ணம். கத்தரியும் மிளகாயும் சின்னது, கிண்ணத்துக்கு இருபத்தைந்து போகும்: வெளி வட்டத்தில் 16, உள் வட்டத்தில் 8, நடுவிலே ஒன்று. இதையெல்லாம் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். ஒரு வித்து இன்னொன்றைத் தொட்டால் பூஞ்சணம் வீடு மாறிவிடும், கணக்கும் கெட்டுவிடும். ஆராய்ச்சி மாணவி 380ஐத் தாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அடுத்த மேசைத் தம்பி தும்மினான். தக்காளி வித்துக்கு அது போதும். அவை பறந்த திசையை எல்லாரும் பார்த்தோம். பிறகு எல்லாரும் அவனைப் பார்த்தோம்.

"தம்பி, நீ போய் மிளகாயை எண்ணு" என்றாள் அவள். தும்மல்காரனுக்கு மிளகாய் வித்து! அந்த அறையின் தண்டனைச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

ஒரே மாதிரியை இரண்டு பங்காகப் பிரித்திருப்பதையும் கவனியுங்க. ஒரு பங்கை அப்படியே வைக்கிறார்கள். மற்றதைக் குளோறொக்ஸ் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் குளிப்பாட்டி, அலசி வைக்கிறார்கள். துணி வெளுக்க வீட்டில் வைத்திருக்கிறோமே, அதே குளோறொக்ஸ். குளித்த பிறகும் பூஞ்சணம் தலை காட்டினால் அது வித்தின் தோலுக்குக் கீழே குடியிருக்கிறது என்று அர்த்தம். குளித்ததும் காணாமல் போனால் வெறுமனே மேலே ஒட்டி வந்த பிரயாணி. உள்ளே இருப்பவனைத்தான் இவர்கள் பயத்தோடு பார்க்கிறார்கள்.

குளிர்ப் பெட்டியைத் திறந்தால் ஐஸ்கிறீம் டப்பா ஒன்று. மேலே கொட்டை எழுத்தில் "இது ஐஸ்கிறீம் அல்ல". அதன் கீழே வேறு கையெழுத்தில் "உண்மையாகவே அல்ல". உள்ளே இருப்பது வித்துக் கிண்ணங்கள். ஈரம் பட்டதும் வித்து சும்மா இருக்குமா? முளைத்து, மூடியைத் தள்ளி, பக்கத்துக் கிண்ணத்தை எட்டிப் பார்க்கும். அதனால் சில மாதிரிகளை ஒரு நாள் நனையவிட்டு, பிறகு உறையவைத்து முளையைக் கொன்றுவிடுகிறார்கள். செத்த முளை பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. பாவம்தான், ஆனால் கள்ளன் சீக்கிரம் வெளியே வருகிறான். டப்பாவில் இரண்டாம் வரி ஏன் வந்தது என்று விசாரித்தேன். எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பிச் சிரித்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவன் ஜன்னலுக்கு வெளியே மாமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

பின்கட்டுக்கு வாங்க, அங்கே சமையல் நடக்கிறது. பூஞ்சணம் வளர்க்கிற ஊடகத்துக்கு உருளைக்கிழங்கு வேண்டும்: ஒரு லீற்றருக்கு 200 கிராம் கிழங்கை அவித்து வடித்த சாறு, 20 கிராம் குளுக்கோசு, உறையவைக்கக் கடற்பாசியில் இருந்து எடுத்த ஏகார். ரெடிமேட் தூள் விற்கிறார்கள், விலை ஏறிப்போனதால் ஐயா கிழங்கைத்தான் நம்புகிறார். சாறு வடித்த பிறகு மிஞ்சுகிற கிழங்கு? "உப்புப் புளி இல்லாம யார் தின்னுற? வளாகத்துப் பூனைதான்." அந்தப் பூனையையும் பார்த்தேன். கொழுத்துப்போய் வாசற்படியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அறிவியலால் இப்போதைக்கு அதிக லாபம் கண்ட உயிர் அதுதான்.

கலவையைப் போத்தலில் ஊற்றி, 121 பாகை செல்சியசில், அமுக்க நீராவியில் 15 நிமிடம் வேகவைக்கிறார்கள். ஓட்டோகிளேவ் சீறுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. அது பழுதான காலத்தில் யாரோ வீட்டிலிருந்து பிரஷர் குக்கர் கொண்டுவந்து வேலையை ஓட்டினார்களாம். குக்கர் வீட்டுக்குத் திரும்பிப் போனதா என்பதைப் பற்றி இரண்டு விதமான கதை உலாவுகிறது. வெந்த போத்தல் ஆறியதும் ஐயா செய்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி. போத்தலைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்! சுட்டால் பொறுக்க வேண்டும், சுடாமல் இதமாக இருந்தால் ஊற்றலாம். வெப்பமானி மேசையில் சும்மா கிடந்தது.

அடுத்தது அந்தப் பயங்கர அறை. கதவை மூடினால் காற்று அசையாது. காற்று அசைந்தால் பூஞ்சணங்களின் வித்திகள் பறக்கும், எல்லாக் கிண்ணத்திலும் எல்லாரும் குடியேறிவிடுவார்கள். அதனால் ஃபேன் இல்லை. ஸ்பிரிட் விளக்கு வேறு எரிந்துகொண்டிருக்கிறது. மட்டக்களப்பு மத்தியானம், மூடிய அறை, எரியும் விளக்கு, நெற்றியில் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு மாணவி. துவாய் எதற்கு என்றால், வேர்வைத் துளி ஒன்று கிண்ணத்துக்குள் விழுந்தால் அந்தக் கிண்ணம் குப்பைக்கு. ஊசியைச் சுடரில் பிடித்துச் சிவக்க வைத்து, ஆறவிட்டு, மூடியை ஒரு விரல் அளவு மட்டும் தூக்கி, பூஞ்சணத் துணுக்கை வைத்து, உடனே மூடுகிறாள். திரும்பவும் சுடர், திரும்பவும் மூடி. பேச்சு இல்லை. வாய்க்குள்ளே ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறாள். சரணத்துக்கு வரும்போது கை வேகம் கூடுகிறது. நான் மூலையில் நின்றே நனைந்துபோனேன். வெளியே வந்தபோது மாரி மழையில் அகப்பட்டதா என்று கேட்டார்கள்.

இனித்தான் திருவிழா. எட்டாம் நாள் கிண்ணங்கள்! ஆய்வுகூடத்தில் எல்லா வயதுக் கிண்ணமும் அடுக்கில் இருப்பதால், பொறுமையில்லாத என்னைப்போன்ற ஆளுக்கும் கொடுத்துவைத்திருக்கிறது. மாணவி மூடியைத் திறந்து நுணுக்குக்காட்டியின் கீழே தள்ளினாள். கண்ணை வைத்தேன்.

அட! அந்தத் தங்க நிறக் கத்தரி வித்தைக் காணவே இல்லை. அதன் மேல் ஒரு காடு. கண்ணாடித் தண்டுகள் நெட்டுக்கு நிற்கின்றன, ஒவ்வொன்றின் உச்சியிலும் கறுத்த உருண்டைத் தலை. அஸ்பர்ஜில்லஸ் நைகர். இங்கே செல்லப் பெயர் கறுப்பி. பக்கத்து வித்தில் மஞ்சள் கலந்த பச்சைத் தலைகள், அது அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். மூன்றாவதில் வெள்ளைப் பஞ்சு, ஓரத்தில் இலேசான இளஞ்சிவப்பு, அது பியூசேரியம். கிண்ணத்தின் கால்வாசியை மூடி, மூடியையும் தொட்டுக்கொண்டு நின்ற நரைத்த தாடி றைசோப்பஸ். பழைய பாணில் வருகிற அதே ஆசாமி. அவன் வந்தால் மற்றவர்களை எண்ண விடமாட்டான் என்பதால் அவன் பெயரைச் சொல்லும்போது மட்டும் இவர்கள் பல்லைக் கடிக்கிறார்கள்.

மிளகாய் வித்துக் கிண்ணம் இன்னும் வடிவு. கரும் முட்கள் கொத்துக் கொத்தாய்ச் சிலிர்த்து நிற்கின்றன. கொலிற்றோட்றைக்கம். பழத்தில் குழி விழுந்து கறுத்த வளையம் வளையமாய் அழுகுகிறதே, அந்த நோய்க்காரன். ஒரு துணுக்கை எடுத்து நீலச் சாயத்தில் நனைத்துக் கண்ணாடித் துண்டில் வைத்தால் அரிவாள் வளைவில் வித்திகள் தெரிகின்றன. பியூசேரியத்துக்குப் பிறை வடிவம், குறுக்கே சுவர். அல்ரனேரியாவுக்குக் கபில நிறம், சொண்டு, சங்கிலிக் கோப்பு. கேவுலேரியா முதுகு கூனியது, நடு அறை மட்டும் பெருத்தது. இந்தக் கடைசி இரண்டு பேரையும் வைத்துத்தான் சண்டை வந்தது.

"இது கேவுலேரியா."

"போகா, சொண்டு தெரியுது பார்."

"அது சொண்டில்ல, தூசி."

"தூசிக்குச் சுவர் இரிக்குமாகா?"

பந்தயம் பிளேன்ரீ. அவர்களுக்குப் படிப்பிக்கிற சேர் வந்து கண்ணை வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுகா வைத்தார். "வேற கிண்ணத்தில பிரிச்சு வளத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பேரும் தாங்கள்தான் வென்றது என்றார்கள். கடைசியில் ஐந்து பேருக்கும் பிளேன்ரீ வாங்கி வந்தவர் ஐயா.

இந்த அழகையெல்லாம் ஒரு நிமிடம் தள்ளிவைத்து, நாற்றுமேடையில் நிற்கிற ஆளை நினைத்துப் பாருங்க. வித்தைப் போட்டார், பாதி முளைக்கவில்லை. முளைத்ததில் கொஞ்சம், மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு மெலிந்து, ஒரே இரவில் சரிந்துவிட்டது. அவர் கடைக்காரரைத் திட்டுவார், பிறகு வெயிலை, பிறகு கண்ணூறை. மண்ணிலும் அந்த நாற்றழுகலுக்கான பூஞ்சணங்கள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் பல தடவை அவரே கையால் தூவியது வித்தையும் நோயையும் சேர்த்துத்தான். புதுத் தோட்டத்துக்கு நோய் வந்து சேர வித்தைவிட வசதியான வாகனம் வேறு ஏது? ஃபிளேவஸ் இன்னும் ஒரு படி மேலே போய் நஞ்சு சுரக்கக்கூடியது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துவிழுந்தபோது, தீவனத்தில் சேர்த்த நிலக்கடலையில் இருந்த அந்த நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது.

நம்முடைய வாவிக் காற்றும் இந்தக் கள்ளர்களுக்கு உறவு. பியூசேரியம், கொலிற்றோட்றைக்கம் எல்லாம் தோட்டத்திலேயே காய்க்குள் ஏறி வருகிறவை. கறுப்பியும் ஃபிளேவசும் பெரும்பாலும் களஞ்சியத்து ஆட்கள், வித்தில் ஈரம் ஏறினால் எழும்புவார்கள். மாரியில் உப்புச் சிரட்டையே தண்ணீராகிற ஊரில் வித்து எப்படிக் காய்ந்திருக்கும்? வித்தின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும் என்று ஹரிங்டன் என்ற அறிஞர் ஒரு தோராயக் கணக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அந்த அம்மம்மா ஹரிங்டனைக் கேள்விப்பட்டிருக்கமாட்டா. வித்தைச் சாம்பலில் பிரட்டி, முடிச்சாகக் கட்டி, அடுப்புக்கு நேர்மேலே புகைபடத் தொங்கவிட்டா. எனக்கு அவவின் அடுப்படியில் இன்னும் மரியாதை கூடிவிட்டது. ஆனால் கிண்ணம் அம்மம்மாவையும் விட்டுவைக்கவில்லை: களஞ்சியப் பூஞ்சணம் குறைவு, தோலுக்குள் இருந்த பியூசேரியம் அப்படியே இருந்தது. காய் கொடியில் இருக்கும்போதே ஏறியவனை அடுப்புப் புகை என்ன செய்யும்?

கடை மருந்தைப் பூசிவிட்டால் வேலை முடிந்ததே என்று கேட்பீர்கள். பூசத்தான் பூசினார்கள். பிறகு 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தும்வரை தோட்டக்காரர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அந்த அவதிக்குள்தான் பலருக்கு "வேற வழி இரிக்கா?" என்ற கேள்வி வந்தது. ஒரு நாட்டையே ஒரே இரவில் வேறு வழிக்குத் தள்ளியது பெரும் மடைத்தனம் என்பது என் எண்ணம். வேறு வழியே வேண்டாம் என்பதும் மடைத்தனம்தான்.

வேறு வழியின் பெயர் ட்ரைக்கோடெர்மா. இதுவும் பூஞ்சணம்தான், தோட்டத்து மண்ணில் சும்மா திரிவது. 1794இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். இது மற்றப் பூஞ்சணங்களைப் பிடித்துத் தின்னும் என்று 1932இல் வைண்ட்லிங் என்பவர் எழுதிக் காட்டினார். பந்தலில் ஏறும் பாகற்கொடியின் சுருள் கம்பியைப் பற்றுகிற மாதிரி, இதன் இழை எதிராளியின் இழையைச் சுற்றிச் சுற்றிப் பிடிக்கிறது. பிடித்துச் சுவரைக் கரைத்து உறிஞ்சுகிறது. ஆள் வேகக்காரனும்கூட, மூன்று நான்கு நாளில் கிண்ணம் முழுக்கத் தன்னுடையது.

குத்துச்சண்டை மேடை ஒன்று தயாராக இருந்தது. கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் பியூசேரியத் துணுக்கு, எதிர்ப் பக்கத்தில் ட்ரைக்கோடெர்மாத் துணுக்கு. பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் பியூசேரியம் தனியாக, ஒப்பிட்டுப் பார்க்க. தனியாக விட்டவன் நிம்மதியாகப் பரந்திருக்கிறான். மேடை ஏறியவன் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறான், அவன் மேலேயே பச்சைப் பொடி பூத்திருக்கிறது. மாணவி அடிமட்டத்தை வைத்து அளந்து எழுதினாள். அதைப் பார்த்து நான் கை தட்டிவிட்டேன். தும்மல்காரத் தம்பியும் தட்டினான்.

"மூக்க கொஞ்சம் கிட்டக் கொண்டுவாங்க. நிறையக் கிட்ட வேணாம்." கொண்டுபோனேன். தேங்காய் வாசம்! நம்பமாட்டீர்கள், பச்சைத் தேங்காய் துருவி வைத்த வாசம். சில ட்ரைக்கோடெர்மா வகைகள் வெளியிடுகிற ஒரு பொருளின் வாசம் அது, எதிரிப் பூஞ்சணங்களுக்கு ஆகாத பொருள். தேங்காய் இல்லாமல் கறி வைக்கத் தெரியாத ஊருக்குப் பொருத்தமான காவல்காரன்தான்.

அதற்குள் யாரோ விளக்கை அணைத்தார்கள். மின்வெட்டு என்றுதான் நினைத்தேன். 2022இல் 13 மணித்தியாலம்வரை வெட்டிய காலத்தில் இங்கே கிண்ணங்கள் பட்ட கதையைச் சற்று முன்தான் கேட்டிருந்தேன். இது வேறு. மாணவி ஊதாக்கடந்த ஒளி விளக்கைக் கொளுத்தி ஒரு கிண்ணத்தை அதன் கீழே நீட்டினாள். கிண்ணம் மஞ்சட்பச்சையாக ஒளிர்ந்தது! சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் என்ற பக்றீரியா, 1954இல் கிங் என்பவரும் கூட்டாளிகளும் வகுத்த ஊடகத்தில் வளர்ந்தது. அந்த ஒளிரும் நிறப்பொருள்தான் சுற்றியிருக்கிற இரும்புச் சத்தை வாரிக்கொண்டு, பூஞ்சணத்தைப் பட்டினி போடுகிறதாம். எனக்கு இரும்பும் விளங்கவில்லை, பட்டினியும் விளங்கவில்லை. "இன்னொருக்கா காட்டுங்க" என்று மட்டும் கேட்டேன். காட்டினார்கள். வேலை நேரத்தில் இப்படி விளக்கணைத்து விளையாடுவது சேருக்குத் தெரியுமா என்றேன். விளக்கை அணைத்ததே சேர்தானாம்.

கடைசிச் சுற்று வெளியே, வலை அடித்த கொட்டிலில். இங்கே வித்துக்கு உடுப்புப் போடுகிறார்கள். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ட்ரைக்கோடெர்மாவை வெண்தூளில் கலந்து, கிலோ வித்துக்கு 4 கிராம் என்று அளவு சொல்கிறது. சூடோமோனாஸ் என்றால் 10 கிராம். இவர்கள் ஆறிய சோற்றுக் கஞ்சியைக் கொஞ்சம் தெளித்து, தூளை ஒட்டவைத்து, நிழலில் உலர்த்துகிறார்கள். வெயிலில் காயப்போட்டால் காவல்காரனே செத்துவிடுவான். கடை மருந்து பூசிய வித்தோடும் இது சேராது, அந்த மருந்து இந்தப் பூஞ்சணத்தையும் கொல்லும். மாணவியின் விரல் நுனியெல்லாம் பச்சை. "வீட்ட போனா அம்மா சோத்துக் கோப்பையத் தாறதுக்கு முதல் கையத்தான் பார்ப்பா."

பிறகு சட்டிகள். பூசிய வித்து, பூசாத வித்து, நோயை வேண்டுமென்றே கலந்த மண், கலக்காத மண் என்று வரிசை. வலையில் ஏன் புதுத் தையல் என்று கேட்டேன். போன முறை பக்கத்து வளவு மாடு ஒன்று உள்ளே தலையை விட்டு, இரண்டு வரிசையைச் சுத்தமாக மேய்ந்துவிட்டது. பூசியதையும் பூசாததையும் பாகுபாடு பார்க்காமல் தின்றதாம். எல்லாவற்றையும் முதலில் இருந்து நட்டார்கள். அந்த நாள் கொப்பியில் "அவதானம்: மாடு" என்ற ஒரே ஒரு வரி.

இப்போதைய வரிசையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. பூசியவை நிமிர்ந்து நிற்கின்றன, பூசாத நோய்மண் சட்டிகளில் வெறும் இடம் அதிகம். நான் ஆர்ப்பரிக்கப் போனேன். சேர் கையைக் காட்டி நிறுத்தினார். "கிண்ணத்தில வெல்லுறது லேசு. சட்டியில வெல்லுறது கொஞ்சம் கஷ்டம். களுதாவளை மணல்ல, மத்தியான வெயிலில வெல்லோணும்." ட்ரைக்கோடெர்மாவுக்கு ஈரமும் மக்கிய எருவும் வேண்டும். வெறும் மணலில் தூவினால் பசியிலேயே போய்விடும். அதனால் நன்றாக மக்கிய மாட்டெருவில் கலந்து, நனைத்து மூடிவைத்து, பெருக்கிப் போடச் சொல்கிறார்கள். வித்துக்குள்ளே ஆழமாகப் புகுந்தவனை இது முழுதாகத் துரத்தும் என்றும் யாரும் சத்தியம் செய்யவில்லை. எனக்கு அந்த அடக்கம் பிடித்தது. தயாரித்த திகதியும் இல்லாமல், எல்லா நோய்க்கும் ஒரே பைக்கற் என்று விற்கிறவர்களிடம் அது கிடைக்காது. உயிருள்ள சரக்கு இது, வெண்தூளில் கலந்தது நான்கு மாதத்துக்குள் பாவிக்க வேண்டும்.

சட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மிளகாய் வித்துக் கொடுத்த களுதாவளை அக்கா நேரே வந்துவிட்டா. கையில் குடை, மற்றக் கையில் வெற்றிலைச் சரை. "புள்ள, எண்ட வித்து என்னத்துக்கு ஆகும்? சொல்லு."

மாணவி கொப்பியைப் புரட்டினாள். முட்கள் சிலிர்த்த அந்தக் கிண்ணம் இவவுடையதுதான். "அக்கா, பழத்தில கறுப்பு வட்டம் விழுந்திருந்ததா?"

"ஓம், நாலஞ்சு பழத்தில. அந்தப் பக்கத்த வெட்டி எறிஞ்சிபோட்டு மிச்சத்தில வித்தெடுத்த."

"அதுதான்கா. அந்தப் பழத்தத் தொடவே கூடா."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தா. "அப்ப கீழ்க் கிணத்தடி மரத்தில எடுத்திரிக்கலாம். அது சோக்கா நிண்டது." சரையைப் பிரித்து, எல்லாருக்கும் வெற்றிலை நீட்டினா. ஆய்வுகூட வளவில் வெற்றிலை கூடாது என்று சட்டம். ஐயா மட்டும் வேலிக்கு வெளியே ஒரு கால் வைத்து நின்று வாங்கிக்கொண்டார்.

நீங்களும் வீட்டில் ஒருக்கால் செய்து பாருங்க. மூடியுள்ள வெளிப்படையான சாப்பாட்டு டப்பா ஒன்று, மடித்த ரிஷூத் தாள், கொதித்தாறிய தண்ணீர், எடுத்து வைத்திருக்கிற வித்தில் ஓர் இருபத்தைந்து. தாள் நனைய வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. வித்துகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். மூடி, ஒரு கிழமை வெளிச்சம் வந்து போகிற இடத்தில் வையுங்க. எத்தனை முளைத்தது, எத்தனையில் கறுப்பு, எத்தனையில் பச்சை, எத்தனையில் வெள்ளை என்று மூடிக்கு மேலாலேயே பார்த்து எழுதுங்க. பாதிக்கு மேல் பூத்திருந்தால் அந்த வித்தை நாற்றுமேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். பார்த்து முடிந்ததும் டப்பாவை அப்படியே பையில் கட்டி எறியுங்க. மூடியைத் திறந்து தேங்காய் வாசம் வருகிறதா என்று மட்டும் மோந்து பார்க்காதீங்க. உள்ளே இருப்பது பெரும்பாலும் கறுப்பியாகத்தான் இருக்கும்.